காத்து மாசு பாடம் நடத்துன அனுபவம், நம்ம செட்டிநாட்டுப் பக்கத்து டீச்சர்கள் சொல்லுங்க

தேவகோட்டை டீச்சர்:
நானே ஆரம்பிக்கிறேன். போன வருஷம் ஏழாம் வகுப்பு. கடையில வாங்குன சார்ட்ல ரெண்டு புகைபோக்கி, ஒரு லாரி, முகமூடி போட்ட டெல்லிப் பிள்ளைக. எங்க பிள்ளைக பாத்துட்டு "இது நம்ம ஊர்ல இல்லையே டீச்சர்"னு சொல்லிட்டாங்க, பாடம் அதோட முடிஞ்சுச்சு. சரின்னு சார்ட்டைச் சுருட்டி வச்சுட்டு, நம்ம ஊர்ல எங்கெல்லாம் புகை வருதுன்னு போர்டுல எழுதச் சொன்னேன். குப்பை எரிக்கிறது, போகிக்கு டயர், கொசுவத்தி, விறகடுப்புன்னு நல்லாத்தான் போச்சு, அப்ப ஒருத்தன் எந்திரிச்சு "கரிமூட்டம் டீச்சர், இவங்கப்பாதான் போடுறாரு"ன்னு பக்கத்துல இருந்தவனைக் கைகாட்டிட்டான். கிளாஸே சிரிக்குது. அந்தப் பையன் குனிஞ்ச தலை நிமிரல, மறுநாள் பள்ளிக்கூடமும் வரல. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு, போர்டுக்கு மேல "மாசு செய்பவர்கள்"னு தலைப்பு எழுதுனதே நான்தானே.

ரெண்டு நாள் கழிச்சு வந்தான். மூட்டம் எப்படிப் போடுவாங்கன்னு எங்களுக்குச் சொல்லித் தர்றியாடான்னு கேட்டேன். முதல்ல தயங்குனான், அப்பறம் சாக்பீஸை வாங்கிப் படமே போட்டுட்டான். சீமைக்கருவேல விறகை நெருக்கி அடுக்கி, மேல வைக்கோலு தழை போட்டு, மண்ணைப் பூசி, காத்து கொஞ்சமாப் போற மாதிரி ஓட்டை விட்டுப் பத்த வைப்பாங்களாம், நாள்கணக்குல உள்ளுக்குள்ளயே கனியுமாம். "காத்து நல்லாப் போச்சுன்னா கரி நிக்காது டீச்சர், எல்லாம் சாம்பலாப் போயிரும்." ஆக்சிஜன் பத்தாம எரிஞ்சா அரைகுறையா எரியும், கார்பன் மோனாக்சைடு வரும்னு நான் ஒரு பீரியட் முழுக்கக் கத்துனேன், ஒருத்தர் மண்டையிலயும் ஏறல, இவன் ஒரு வரில முடிச்சுட்டான். வெள்ளையாப் புகை வந்தா விறகுல ஈரம் போய்க்கிட்டு இருக்கு, மெலிசா நீலமா வந்தா கரி ஆயிருச்சுன்னு அர்த்தமாம்.

அந்தக் கார்பன் மோனாக்சைடு வாயு கண்ணுக்கும் தெரியாது மூக்குக்கும் தெரியாதுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "எங்கப்பா ராத்திரிக் காவலுக்குப் படுத்துட்டு வந்தா தலை வலிக்குதும்பாரு, அதுவா டீச்சர்?"னான். இருக்கலாம்ப்பான்னு மட்டும் சொன்னேன். வேற என்ன சொல்லிருக்கணும்?

காரைக்குடி சயின்ஸ் வாத்தியார்:
கேக்கவே என்னமோ பண்ணுது டீச்சர். நாங்க வாசலின் அட்டைதான் செஞ்சோம். வெள்ளை அட்டைல கட்டம் போட்டு, வாசலின் தடவி, ஒண்ணு பஸ் ரோட்டைப் பாத்த முகப்புத் திண்ணைல, ஒண்ணு நடு வளவு முத்தத்துல, ஒண்ணு பின்கட்டு அடுப்படில ஒரு நாள் பூரா வச்சு, அப்பறம் லென்ஸ்ல ஒவ்வொரு கட்டமா எண்ணுனோம். ரோட்டுத் திண்ணைதான் ஜெயிக்கும்னு எல்லாரும் பந்தயம், கடைசில அடுப்படி அட்டைதான் கருப்பாக் கெடந்துச்சு. ஆனா ஒண்ணு, அட்டைல சிக்குறது பெரிய தூசிதான். பிஎம் 2.5ங்கிற நுண்தூசி நம்ம தலைமுடி கனத்துல இருபது முப்பதுல ஒரு பங்குதான் இருக்கும், அது லென்ஸ்லயும் தெரியாது. அதைச் சொல்லாம விட்டா வெள்ளையா இருக்கிற அட்டையைப் பாத்துப் பிள்ளைக காத்து சுத்தம்னு நெனச்சுக்கும்.

இன்னொரு கூத்து. காத்து எவ்வளவு மாசுன்னு நம்பர் போட்டுக் காட்டுற (AQIங்கிற) ஆப் மூணை மூணு போன்ல பாத்தோம், ஒண்ணு மஞ்சள் காட்டுது, ஒண்ணு செவப்பு. நம்ம நாட்டுக் கணக்குல 101லேருந்து 200 வரைக்கும் 'மிதமானது', மஞ்சக் கலரு. அமெரிக்கக் கணக்குல 150 தாண்டுனாலே செவப்பு. அதே காத்துதான், அளக்குற படிதான் வேற. அதுவும் போக, காத்தை அளக்குற மெஷின் இல்லாத ஊருக்குச் சில ஆப் சாட்டிலைட்டையும் கணக்கையும் வச்சு ஒரு நம்பரைப் போட்டுருது. "அப்ப இது நம்ம ஊர்க் காத்தே இல்லையா சார்"னு ஒரு பிள்ளை கேட்டுச்சு பாருங்க, அதுக்கே நான் அன்னைக்குப் பாஸ்.

கானாடுகாத்தான் ஆச்சி:
நான் ரிட்டயர்டு, ஆனாலும் சொல்றேன். புகை பாக்கலாம் வாங்கன்னு பிள்ளைகளை ஆத்தங்குடிக்குக் கூட்டிட்டுப் போனேன், தரைக்குப் பதிக்கிற பூக்கல்லைச் சூளைல சுடுவாங்கன்னு நானே நெனச்சுக்கிட்டு. அங்க போனா சூளையுமில்ல நெருப்புமில்ல. கண்ணாடி மேல அச்சை வச்சு, கலரை ஊத்தி, சிமெண்டும் மணலும் போட்டு அமுக்கி, அப்பறம் தண்ணித் தொட்டில ஊறப் போட்டுர்றாங்க, அம்புட்டுத்தான். "இதுல எங்க ஆச்சி புகை?"ன்னு அவுக சிரிக்க, பிள்ளைகளும் சிரிக்க, நான் முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டேன். மறுவாரம் எங்க புகை வருது, எங்க வரலைன்னு பிள்ளைகளே ரெண்டு பத்தியாப் பிரிச்சு எழுதிட்டு வந்துருச்சுக.

தேவகோட்டை டீச்சர், அந்தப் பையனோட அப்பா எப்படி இருக்காரு?

தேவகோட்டை டீச்சர்:
போன மாசம் ரேஷன் கடைல பாத்தேன் ஆச்சி. "காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அதுக்குத் தக்கன கட்டிலைப் போடணும்னு எம்மகன் எனக்குச் சொல்லித் தர்றான், முப்பது வருசமா மூட்டம் போடுறேன்"னு சிரிச்சாரு. அப்ப கட்டில மாத்தலையாண்ணேன்னு கேட்டேன். "மாத்திட்டேன், அவன் விட மாட்டேங்கிறானே"ன்னாரு.