குளிர்கால வேட்டையில் விரல் விறைக்காமல் இருக்க: சில அனுபவங்கள்

மரத்தின் மேல் பரண் அமைத்து மானுக்காகக் காத்திருக்கும் வழக்கம் உள்ளவன் நான். பரணில் உட்கார்ந்த சிறிது நேரத்திலேயே விரல்கள் விறைத்துவிடுகின்றன என்று பலரும் குறைப்பட்டுக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். என் அனுபவத்தில் அதற்கான காரணம் பெரும்பாலும் பரணில் இல்லை. அங்கே போய்ச் சேர்வதற்காக நடந்த நடையில்தான் இருக்கிறது. விடிவதற்கு முன்னால், தோளில் துப்பாக்கியும் முதுகில் பையுமாக மேட்டில் விரைந்து ஏறும்போது உள்ளங்கை வியர்க்கிறது. தடித்த கையுறைக்குள் அந்த வியர்வைக்கு வெளியேற வழியில்லாததால், உள்ளிருக்கும் பஞ்சடைப்பில் இறங்கித் தங்கிவிடுகிறது. நடக்கும்வரை ஒன்றும் தெரிவதில்லை. உட்கார்ந்து உடல் ஆறத் தொடங்கியதும் அதே ஈரம் கையைக் குளிர்விக்கத் தொடங்குகிறது. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். போதாததற்கு, ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்குச் சுமார் 2400 ஜூல் வெப்பம் தேவைப்படுகிறது, அதில் பெரும்பங்கைக் கைதான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே நடக்கும்போது நான் வெறுங்கையுடனோ மிக மெல்லிய கம்பளிக் கையுறையுடனோதான் நடப்பேன். மேலங்கியின் ஜிப்பையும் திறந்தே வைத்திருப்பேன். முதல் சில நிமிடங்கள் குளிரத்தான் செய்யும். அந்தக் குளிரைப் பொறுத்துக்கொள்வதே பின்னால் வரும் நீண்ட காத்திருப்புக்குச் செலுத்தும் முன்பணம். மரத்தடிக்கு வந்ததும் ஏறிவிடாமல், மூச்சு சீராகும்வரை நின்று, உள்ளங்கையையும் விரலிடுக்குகளையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, உள்பையில் காத்துவைத்திருந்த உலர்ந்த மெல்லுறையை அணிந்துகொள்வேன். கழற்றிய ஈர உறையைச் சட்டைக்கும் கம்பளி பனியனுக்கும் இடையே வயிற்றுப் பக்கமாகச் செருகி வைத்தால், நண்பகலுக்குள் உடற்சூட்டிலேயே அது உலர்ந்துவிடும். இவ்வளவும் முடிந்த பிறகே, நான்கு விரல்களையும் ஒன்றாக அடக்கும் தடித்த மிட்டனைப் போட்டுக்கொள்கிறேன். விரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதாலும், குளிர்காற்றுக்கு முகம் காட்டும் பரப்பு குறைவதாலும், ஐந்து விரல் கையுறையைவிட மிட்டன் எப்போதும் வெதுவெதுப்பானது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விரலில் தனியே வெப்பம் உண்டாக்கத் தக்க தசை ஏதும் இல்லை. மார்பிலிருந்து வரும் இரத்தம்தான் அதற்கு அடுப்பு. உடலின் நடுப்பகுதி குளிரத் தொடங்கினால், உடல் முதலில் விரல்களுக்குப் போகும் இரத்த நாளங்களைத்தான் சுருக்குகிறது. குளிர்ந்த நீரில் வைத்த விரலின் நாளங்கள் சில நிமிடங்களுக்குப் பிறகு தாமாகவே விரிந்து, மீண்டும் சுருங்கி, இப்படி மாறிமாறி இயங்குவதை 1930இல் தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் விவரித்தார். உடல் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது இந்த இயல்பான காப்பும் வலுவிழந்துவிடுகிறது. எனவே விரல் சில்லிடத் தொடங்கினால் கையுறையைப் பார்ப்பதற்கு முன்னால், காதை மூடும் குல்லாவையும் கழுத்துத் துணியையும் சரிபார்ப்பது என் வழக்கம். மணிக்கட்டில் நாளங்கள் தோலுக்கு மிக அருகே ஓடுவதால், அங்கே ஒரு பின்னல் பட்டை அணிவதும் நல்ல பலன் தருகிறது. ஆனால் எதுவும் இறுக்கமாக இருக்கக் கூடாது, கடிகாரப் பட்டைகூட.

* * *

பரணைப் பற்றி எழுதியவர் சொன்னது உள்ளிருந்து வரும் ஈரம். நாங்கள் வாத்து வேட்டைக்காரர்கள். எங்கள் தொல்லை வெளியிலிருந்து வரும் ஈரம், அதுவும் வாளிக் கணக்கில். கும்மிருட்டில் இடுப்பளவு நீரில் நின்று, பறக்கும் வாத்துகளைக் கவர்ந்திழுக்கும் பொம்மை வாத்துகளை ஒவ்வொன்றாக மிதக்கவிடுவதும், வேட்டை முடிந்ததும் எடைக்கல் தொங்கும் நூலைச் சுற்றி அவற்றைத் திரும்ப எடுப்பதும்தான் கையை அழிக்கும் வேலைகள். நூலைச் சுற்றும்போது அதிலிருந்து வடியும் நீர் விரல் வழியே ஓடி, மணிக்கட்டைத் தாண்டி, சட்டைக் கையின் உள்ளே முழங்கைவரை போய்விடும். அந்தச் சட்டைக் கை பிறகு நாள் முழுவதும் உலர்வதில்லை.

இதற்காக முழங்கைவரை நீளும் ரப்பர் கையுறை ஒன்றைத் தனியே வைத்திருக்கிறேன். அதைப் பொம்மைகளைப் பரப்பவும் எடுக்கவும் மட்டுமே பயன்படுத்துவேன். சுடுவதற்கு அது ஆகாது. நியோப்ரீன் என்ற நுரை ரப்பரால் ஆன கையுறையைச் சிலர் எல்லாவற்றுக்கும் அணிகிறார்கள். நீருக்குள் இருக்கும்வரை அது அருமையானதுதான், ஆனால் காற்றில் மணிக்கணக்கில் உட்காரும்போது அதற்குள் கை வியர்த்து ஊறிவிடுகிறது என்பதே என் கருத்து.

சட்டைக் கை உறைக்கு வெளியே இருக்க வேண்டுமா, உள்ளே இருக்க வேண்டுமா என்பது சின்ன விஷயம்போலத் தோன்றும். உண்மையில் பாதி நனைதல் அதில்தான் முடிவாகிறது. மழையில் கைகளைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு நீர் தோளிலிருந்து கீழ்நோக்கி ஓடுவதால், மழையங்கியின் கைப்பகுதி உறையின் மேல் வந்து மூட வேண்டும். இல்லாவிட்டால் உறையே புனலாகி நீரை விரல்களுக்குக் கொண்டுசேர்க்கும். நீரில் கைவிட்டு நூலை இழுத்துக் கையை உயர்த்துபவருக்கோ நீர் விரலிலிருந்து முழங்கையை நோக்கி ஓடுவதால், உறை சட்டைக் கையின் மேல் ஏறி, சுருக்குக் கயிற்றால் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒரே காலையில் இரண்டு வேலைகளும் வருவதால், வேலை மாறும்போது இதையும் மாற்றிக்கொள்கிறேன்.

பொம்மைகளைப் பரப்பி முடித்து மறைவிடத்துக்குள் வந்ததும், கையை நன்றாகத் துடைக்காமல் உலர்ந்த உறையை அணியவே மாட்டேன். துடைக்கும் துணியும் உலர்ந்த கையுறைகளும் மூடி இறுகிய டப்பாவில் இருக்கும். நனைந்த நாய் உடலை உலுக்கும்போது அந்த டப்பாவின் அருமை தெரியும். மேலும், என்னைக் கேட்டால், பூஜ்ஜியத்துக்குக் கீழே 15 டிகிரி உள்ள உலர்ந்த காலையைவிட, பூஜ்ஜியத்துக்கு மேலே இரண்டு மூன்று டிகிரியில் தூறலும் காற்றுமாக இருக்கும் காலைதான் கைகளுக்குக் கொடியது. கடுங்குளிரில் பனி துணியின் மேல் தூளாகவே நிற்கிறது, தட்டினால் உதிர்ந்துவிடும். தூறல் காலையிலோ எல்லாம் நீராகவே உள்ளே இறங்குகிறது.

* * *

சூட்டுப் பொட்டலங்களைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. பிரித்துக் குலுக்கினால் சூடாகும் சிறு பொட்டலத்தில் இருப்பது இரும்புத் தூள், உப்பு, கரித்தூள், சிறிது நீர், அதைப் பிடித்துவைக்கும் ஒரு கனிமம். இரும்பு துருப்பிடிக்கும்போது வெளிப்படும் வெப்பம்தான் நமக்குக் கிடைக்கிறது. துருப்பிடிக்கக் காற்று வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இறுக்கமான நீர்புகாக் கையுறைக்குள் திணித்துவிட்டு, “மலிவுச் சரக்கு, சூடாகவே இல்லை” என்று குறை சொல்லும் தோழர் ஒருவர் எனக்கு உண்டு. அதே பொட்டலத்தை வெளியே எடுத்துக் குலுக்கிச் சட்டைப் பையில் போட்டதும் அது பழையபடி சூடாவதை அவருக்கே காட்டியிருக்கிறேன். காற்றுத் தேவை என்பதையே நமக்கு வசதியாகவும் பயன்படுத்திக்கொள்ளலாம்: பாதி நாளில் வேட்டை முடிந்தால், காற்றைப் பிழிந்து எடுத்துவிட்டு ஜிப் பையில் பொட்டலத்தை மூடி வைத்தால் துருப்பிடிப்பது நின்று, மறுநாளைக்கு மீதிச் சூடு கிடைக்கும். பிரித்தவுடன் சூட்டை எதிர்பார்க்கவும் கூடாது. நடக்கத் தொடங்கும்போதே பிரித்துவிட்டால், உட்காரும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

வைக்கும் இடமும் முக்கியம். உள்ளங்கையில் வைத்தால் துப்பாக்கியைப் பிடிக்க முடியாது. மிட்டனின் புறங்கைப் பக்கத்திலோ மணிக்கட்டின் உட்புறத்திலோ, நடுவே ஒரு துணி இருக்கும்படி வைப்பேன். மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது; நேரடியாக ஒட்டி வைத்தால் கொப்புளம் வந்த பிறகே தெரியவரும். இவை எல்லாவற்றையும்விட, இடுப்பில் கட்டிக்கொண்டு இருபுறமும் கைவிடும் உருளைப் பைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்குள் ஒரே ஒரு பொட்டலம் போதும். இரு கைகளும் மெல்லுறையோடு உள்ளே இருக்கும். எடுத்தால் உடனே சுடத் தயார். உலோக வில்லையை அழுத்தினால் உறைந்து சூடாகும் சோடியம் அசிடேட் பை சுமார் 54 டிகிரி வரை சூடாகும். கொதிநீரில் போட்டு மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம் என்றாலும், அதன் சூடு நெடுநேரம் நிற்பதில்லை. மின்கலத்தில் இயங்குபவையோ கடுங்குளிரில் சீக்கிரமே சோர்ந்துவிடுகின்றன. அவற்றை உடலோடு ஒட்டிய பையிலேயே வைத்திருக்க வேண்டும்.

* * *

மிட்டன் வெதுவெதுப்பானது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் மான் வந்து நிற்கும்போது அதை எப்படிக் கழற்றுவது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். ஒரு மாலையில், புதர் விளிம்பிலிருந்து பெண்மான் ஒன்று வெளிப்பட்டு, தலையைத் தாழ்த்துவதும் சட்டென்று நிமிர்வதுமாக நின்றது. பக்கத்துப் பரணில் இருந்த தோழர் தமது மடக்கு மிட்டனின் மேல்மூடியைத் திறந்தார். அது வெல்க்ரோவால் ஒட்டியிருந்தது. காற்றே இல்லாத அந்த மாலையில் ‘பர்ர்’ என்று எழுந்த ஓசை எனக்கே தெளிவாகக் கேட்டது. மானுக்குச் சொல்லவே வேண்டாம். அன்று முதல் நாங்கள் காந்தத்தால் நிற்கும் மூடி உள்ள உறையையே தேடி வாங்குகிறோம். கிடைக்காதபோது, மிட்டனை மணிக்கட்டோடு கயிற்றால் கட்டிவைத்துவிட்டுக் கையை மெதுவாக உருவிக்கொள்வது நல்லது. மிட்டன் அப்படியே தொங்கும், கீழே விழாது.

விசையை அழுத்தும் விரலில் தடித்த உறை இருக்கவே கூடாது என்பதை இளையவர்களுக்குக் கண்டிப்பாகவே சொல்வேன். தடித்த விரல் விசைக்காப்பு வளையத்துக்குள் நுழையும்போதே விசையைத் தள்ளிவிடக்கூடும். மரத்துப்போன விரலோ எவ்வளவு அழுத்துகிறோம் என்பதையே உணராது. விரல்தோலின் வெப்பம் சுமார் 15 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் நுண்ணிய வேலைகளில் தடுமாற்றம் தொடங்கிவிடுகிறது. நான் வைத்திருக்கும் சோதனை எளியது: கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரல் நுனியைத் தொட முடியவில்லை என்றால், தோட்டாவை வெளியே எடுத்துவிட்டுக் கையைச் சூடேற்றுவதுதான் அடுத்த வேலை. அதற்குக் கையை முழுதாக நீட்டித் தோளிலிருந்து பெரிய வட்டமாகச் சுழற்றினால் இரத்தம் விரல்நுனிக்குத் தள்ளப்படும். பரணில் நின்றுகொண்டு இதைச் செய்ய வேண்டாம். இறங்கிய பிறகு செய்யலாம்.

வில் வேட்டைக்காரர்களுக்கு ஒரு சொல்: அலுமினிய வில்லின் பிடி கையின் வெப்பத்தை ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் மென்பட்டை ஒன்றைச் சுற்றிவிடுங்கள்.

* * *

சுட்ட பிறகுதான் கைக்கு உண்மையான சோதனை வருகிறது. விலங்கின் வயிற்றைக் கீறிக் குடலை அகற்றும்போது கை இதமாகவே இருக்கும், ஏனென்றால் உள்ளே இன்னும் உடற்சூடு இருக்கிறது. வெளியே எடுத்ததும், இரத்தம் தோய்ந்த கையில் காற்றுப் படுகிறது. பூஜ்ஜியத்துக்குக் கீழே 10 டிகிரி, மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று என்றால், திறந்த தோலுக்கு அது ஏறத்தாழ பூஜ்ஜியத்துக்குக் கீழே 20 டிகிரிக்குச் சமம். நனைந்த கை அதைவிடவும் விரைவாகக் குளிரும். எனவே மெல்லிய கம்பளி உறையின் மேல், ஓர் அளவு பெரிதான நைட்ரைல் கையுறையை (மருத்துவமனைகளில் அணியும் மெல்லிய செயற்கை ரப்பர் உறை) அணிந்துகொண்டு இந்த வேலையைச் செய்கிறேன். கம்பளி உலர்ந்தே இருக்கும். வேலை முடிந்ததும் நைட்ரைலை மட்டும் உருவி எறிந்துவிடலாம். முயல் போன்றவற்றிலிருந்து டுலரீமியா என்ற தொற்று தோல் கீறல் வழியாகப் பரவக்கூடும் என்பதால், குளிர் இல்லாத நாளிலும் இந்த உறை தேவைதான்.

விரல் வெளுத்து, மெழுகுபோல் கெட்டியாகி, உணர்ச்சியும் அற்றுப்போனால் அது வெறும் விறைப்பு அன்று; திசு உறையத் தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். பனியைத் தேய்ப்பதும், நெருப்பில் காட்டுவதும், அழுத்தித் தேய்ப்பதும் கூடாது. 37 முதல் 39 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான நீரில் ஆழ்த்துவதே முறை. ஆனால் திரும்பும் வழியில் மறுபடியும் உறைந்துவிடக்கூடும் என்றால், பத்திரமான இடம் சேரும்வரை உருகவைக்காமல் இருப்பதே நல்லது, ஏனென்றால் உருகி மீண்டும் உறைவது முதல் பாதிப்பைவிட மோசமானது. பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். இலேசான குளிருக்கே விரல்கள் வெளுத்து, நீலமாகி, பின்னர் சிவக்கிறவர்களுக்கு ரேனோ எனப்படும் நாளச் சுருக்கக் கோளாறு இருக்கலாம். எந்தக் கையுறையையும் நம்பாமல் முதலில் அதைக் காட்டுவது நல்லது. புகைப்பவர்களுக்கு நிக்கோட்டின் நாளங்களை மேலும் சுருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மது கையைச் சூடாக்குவதுபோலத் தோன்றினாலும் உடலின் நடுச்சூட்டை வெளியே இறைத்துவிடும். துப்பாக்கி கையில் இருக்கும்போது அதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

* * *

முதலில் எழுதியவன்தான் மீண்டும் எழுதுகிறேன். நைட்ரைல் பற்றிய குறிப்புக்கு நன்றி. கடுங்குளிரில் நான் அதையே தலைகீழாகச் செய்வதுண்டு: தோலை ஒட்டி மெல்லிய நைட்ரைல், அதன்மேல் கம்பளி, அதற்கும் மேல் மிட்டன். கை உள்ளே சற்று நசநசக்கும், ஆனால் வியர்வை கம்பளிக்குப் போகாததால் மிட்டனின் பஞ்சடைப்பு மாலைவரை உலர்ந்தே இருக்கும். அசைவில்லாமல் உட்கார்ந்திருக்கும் நீண்ட காத்திருப்புக்கு மட்டுமே இது பொருந்தும், நடப்பவர்களுக்கு வேண்டாம்.

உலர்த்துவதைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். தோல் கையுறையை அடுப்பருகே வைத்தால் அது விறைத்து வெடிக்கும். அறையின் இளஞ்சூட்டில், விரல்பகுதி மேல்நோக்கி நிற்கும்படி, உள்ளே சுருட்டிய காகிதத்தை அடைத்து வைத்து, காகிதம் ஈரமாகும்போதெல்லாம் மாற்ற வேண்டும். உள்ளுறையைக் கழற்ற முடிகிற மிட்டனை வாங்குவதே மேல், ஏனென்றால் இரண்டையும் பிரித்துத் தொங்கவிட்டால் ஒரே இரவில் உலர்ந்துவிடும். சேர்த்துத் தைத்தது மறுநாள் காலையிலும் விரல்நுனியில் ஈரமாகவே இருக்கும். கடையில் பார்க்கும்போது முதலில் உள்ளுறை வெளியே வருகிறதா என்று இழுத்துப் பாருங்கள்.