கார்புரேட்டர் போயாச்சு, இனி வீட்டில் என்னதான் பார்க்கிறது?

திருப்பூர்_ஸ்பேனர்:
பழைய 100 சிசி வண்டிக்கு எல்லாம் நானேதான். பிளக்கைக் கழட்டி உப்புத்தாளில் தேய்ச்சு, கார்புரேட்டர்ல (பெட்ரோலையும் காத்தையும் கலக்குற பாகம்) பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டையான ஜெட்டை ஊதி, காத்து அளவை மாத்துற ஏர் ஸ்க்ரூவை முழுசா இறுக்கி ஒன்றரை சுத்து விட்டா ஸ்லோவுல அணையாம அழகா ஓடும். இப்போ இருக்கிறது பிஎஸ்6 (புகை விதிப்படி வந்த வண்டி), கார்புரேட்டருக்குப் பதிலா கம்ப்யூட்டரே பெட்ரோலை அளந்து தெளிக்கிற இன்ஜெக்‌ஷன். காலைல ஸ்டார்ட் ஆன உடனே அணைஞ்சுடுது. திருக ஒரு ஸ்க்ரூ கூட இல்லை! சர்வீஸ்ல ஸ்கேனரைச் செருகிப் பார்த்துட்டு "எரர் இல்ல சார்"ங்கறாங்க.

பழைய_பட்டறை:
தம்பி, முதல்ல பேட்டரியைப் பாருங்க. கார்புரேட்டர் வண்டி பேட்டரி செத்தாலும் உதைச்சா கிளம்பிடும். இதுல டேங்குக்குள்ள பம்ப் இருக்கு, அதுக்குக் கரண்ட் வேணும். சாவி போட்டதும் ரெண்டு மூணு செகண்ட் "ங்ங்"னு சத்தம் வருதா? மல்டிமீட்டர்ல 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினா சார்ஜ் ஏத்துங்க. அப்புறம், ரிசர்வ்லயே ஓட்டாதீங்க. பம்பைக் குளிர வைக்கிறதே சுத்தி இருக்கிற பெட்ரோல்தான்.

மதுரை_கார்க்காரன்:
காருக்கு, வீட்டிலேயே எரர் பார்க்க முடியாத இந்தப் பிரச்சினை கம்மி. ஸ்டியரிங்குக்கு அடியில 16 பின் சாக்கெட், அதுல புளூடூத் ஸ்கேனர் செருகினா போன்லயே எரர் கோட் வரும். பி0171 வந்தா சென்சார் வாங்க ஓடாதீங்க. கலவையில பெட்ரோல் பத்தலைன்னுதான் அதுக்கு அர்த்தம்; வேக்குவம் ஹோஸ் (இன்ஜின்ல மாட்டியிருக்கிற ரப்பர் குழாய்) கிழிஞ்சு காத்து உள்ளே போனாலும் அதேதான் காட்டும்.

திருப்பூர்_ஸ்பேனர்:
அண்ணே, பம்ப் சத்தம் வருது, ஆனா மீட்டர்ல 12.1. சார்ஜ் போட்டிருக்கேன். ஏர் ஃபில்டரையும் கழட்டினேன், பனியன் கம்பெனி பஞ்சுத் தூசி அப்பிக் கிடக்கு.