ஒற்றைச் செருப்பு

பரந்தனிலிருந்து:

2018 மார்கழி, நத்தாருக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்திருந்தார்கள். தாழ்வான பக்கமெல்லாம் வெள்ளம். எங்கள் பங்கு இளைஞர்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த சனத்துக்கு உலர் உணவுப் பொதி கொடுக்கப் போனோம். பெயர்ப்பட்டியல் என் கையில். ஒரு பெயரை இரண்டு தரம் கூப்பிட்டேன், ஆள் வரவில்லை. 'வரவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன். கோயிலில் பாலன் குடில் வேலை அரைகுறையாகக் கிடந்தது, எனக்கு அந்த அவசரம்.

எங்களோடு வந்த வின்சென்ட் டி போல் சபை அன்ரி பட்டியல் பக்கமே வரவில்லை. 1833இல் பாரிசில் ஒசானாம் என்ற 20 வயது மாணவர் கூட்டாளிகளோடு தொடங்கிய சபை அது. கஷ்டப்பட்டவர்களை அவர்கள் இருக்கும் இடத்துக்கே தேடிப் போவதுதான் அன்றிலிருந்து அவர்களின் வேலை. அன்ரியும் வகுப்பறை வகுப்பறையாக நடந்திருக்கிறார். கடைசி வகுப்பில், மேசைக்குக் கீழே ஒற்றைச் செருப்பு.

"தம்பி, மற்றது எங்க?"

மற்றக் கால் இல்லை. செயற்கைக் கால் வெள்ளத்தில் ஊறி, உள்ளே போடும் துணியுறையும் நனைந்து, தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்டிருக்கிறது. "கத்திச் சொன்னா எல்லாரும் திரும்பிப் பார்ப்பினம்" என்றாராம்.

எரிகோ வீதியோரம் பர்த்திமேயு கத்தினான். இயேசு நின்று, உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். மாற்கு 10ஆம் அதிகாரம். பூசையில் நானே வாசித்த பகுதி. கத்தாமல் இருக்கிறவனை நான் நினைத்ததே இல்லை.

அன்ரியும் என்ன வேணும் என்றுதான் கேட்டார். அரிசி, பருப்பு எதுவும் அவர் சொல்லவில்லை. இரண்டு சோடி காய்ந்த சொக்ஸ், புண்ணுக்கு மருந்து, போனுக்குக் கொஞ்சம் சார்ஜ். மகள் வவுனியாவில் பயந்துபோய் இருப்பாளாம். சொக்ஸ் தேடி ஏ9 வீதிக்கு ஓடியது நான்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சொக்ஸ்தான் கிடைத்தது.

மல்லாவியிலிருந்து:

எங்கள் ஜெபக்குழுவுக்கும் இப்படி ஒன்று நடந்தது. ஓர் அக்கா ஆறேழு ஞாயிறாக ஆராதனைக்கு வரவில்லை. விசுவாசம் தளர்ந்துவிட்டது என்று நாங்களே முடிவுகட்டி, வீட்டுக்குப் போய் அரை மணித்தியாலம் ஜெபித்து, தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்தோம். அதற்குப் போட்ட சீனி பக்கத்து வீட்டில் வாங்கியது என்று பிறகுதான் தெரியும்.

நுண்கடன் எடுத்தவர்களுக்கு மிச்சம் விளங்கும். பெண்கள் குழுவாகச் சேர்ந்துதான் எடுப்பார்கள், ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். அந்த மற்றவர்களில் இரண்டு பேர் கோயிலில் அக்காவுக்குப் பக்கத்து வாங்கு. அவர் ஒளிந்தது எங்களுக்குத்தான்.

அப்புறம் நானும் இன்னொருவரும் வேதப்புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போய், குசினியில் இருந்து கடன் கொப்பிகளைப் பார்த்தோம். மூன்று. ஒன்றை அடைக்க மற்றொன்று. குழுவில் இருந்த இருவரிடமும் கதைத்தேன். ஒருவர் பொறுக்கிறேன் என்றார். மற்றவர் இன்னும் முகம் பார்ப்பதில்லை. அவரிலும் பிழை சொல்ல ஏலாது, அவரும் கூலிக்குப் போகிறவர்.

செட்டிகுளத்திலிருந்து:

உதவி வாங்கிய பக்கத்தில் இருந்து ஒன்று சொல்லலாமா? 2009இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்தபோது எனக்கு 11 வயது. யார் யார் என்ன கொடுத்தார்கள் என்பது பெரும்பாலும் மறந்துபோச்சு. தண்ணீர் வரிசை மறக்கவில்லை. எங்களைப் போலவே இடம்பெயர்ந்த சிஸ்டர் ஒருவரும் அதில் நிற்பார். தண்ணீர் முடியப்போகிறது என்று கண்டால் தன் வாளியை என் வாளிக்குப் பின்னால் நகர்த்திவிடுவார். என் நெற்றியில் திருநீறு இருக்கும். அவர் ஒருநாளும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை, படம் எடுத்ததும் இல்லை. அம்மா இன்றைக்கும் மடுச் சந்தியால் பஸ் போகும்போது, "அந்த சிஸ்டர் இப்ப எங்க இருக்கிறாவோ" என்பார்.