பிள்ளைகளோடு ஜிஞ்சர்பிரெட் வீடு: எங்கள் அனுபவம்

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், நூரம்பெர்க் நகரத்தில். டிசம்பர் வந்துவிட்டால் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் லெப்கூகன், அதாவது ஜெர்மன் ஜிஞ்சர்பிரெட் வாசம்தான். ஊர் எல்லைக்குள் செய்ததை மட்டுமே 'நூரம்பெர்க் லெப்கூகன்' என்று விற்கலாம். 1996 முதல் புவிசார் குறியீடு இருக்கிறது. பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதே வகை மாவில் குட்டி வீடு கட்டி மிட்டாய் ஒட்டி வைப்பார்கள். ஹான்சல், கிரெத்தல் என்ற சிறுவர் கதையில் சூனியக்காரி இருப்பாளே, அந்த வீடு.

ஆனால் கடையில் பிரபலமான எலிசன் வகை லெப்கூகன் இதற்கு ஆகாது. அதில் மாவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பாதாம், ஹேசல்நட் மாதிரி கொட்டைகள் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும். சுவராக நிற்க வேண்டுமானால் தேன் போட்ட பழுப்பு மாவுதான் சரி. அரை கிலோ மைதாவுக்குக் கால் கிலோ தேன், 100 கிராம் வெண்ணெய், 100 கிராம் நாட்டுச் சர்க்கரை, ஒரு முட்டை, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. தேன், வெண்ணெய், சர்க்கரை மூன்றையும் இளஞ்சூட்டில் கரைத்து, ஆறிய பிறகு மற்றதையும் மசாலாப் பொடியையும் சேர்த்துப் பிசைந்து, ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

இந்த மாவுக்கான மசாலாப் பொடி பாக்கெட்டில் கிடைக்கிறது. நான் வாங்குவதில்லை. பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ, கொத்தமல்லி விதை எல்லாம் நம் வீட்டிலேயே இருக்கிறது. சின்ன உரலைக் கொடுத்துவிட்டால் மூன்று வயதுக்காரன் அரை மணி நேரம் நகர மாட்டான். ஐந்து வயது மகள் முகர்ந்து பார்த்துவிட்டு, "அம்மா, பிரியாணியா செய்யறோம்?" என்றாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. நம் பக்கத்து மசாலாக்கள் வெனிஸ் வழியாக இந்த ஊர் வியாபாரிகளிடம் வந்து சேர்ந்தன, சுற்றியிருந்த காட்டில் தேன் கிடைத்தது. அப்படித்தான் இந்தப் பண்டமே இங்கே வேரூன்றியது. அதைச் சொன்னதும் இன்னும் ஆசையாக இடித்தாள்.

மாவை அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, காகித அச்சு வைத்துச் சுவர், கூரைத் துண்டுகளாக வெட்டி, 180 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம் போல வையுங்கள். வேகும்போது ஓரங்கள் பரவும். அதனால் அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு, அதே அச்சை வைத்து மறுபடி நேராக வெட்டிவிட வேண்டும். ஆறினால் நொறுங்கும்.

இனி முக்கியமான விஷயம். கட்டுவதையும் அலங்கரிப்பதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். சுவர் காயும் வரை கை வைக்காமல் இரு என்று ஒரு குழந்தையிடம் சொல்வது பாவம். நான் ராத்திரி அவர்கள் தூங்கிய பிறகு சுவர்களை ஒட்டுவேன். ஒட்டும் பசைக்கு, ஒரு முட்டை வெள்ளைக்கருவுக்கு 200 கிராமுக்குக் குறையாமல் ஐசிங் சர்க்கரை, சில சொட்டு எலுமிச்சைச் சாறு. கத்தியால் கீறினால் கோடு அப்படியே நிற்கிற கெட்டி வேண்டும். உள்ளேயும் வெளியேயும் பருப்பு டின்களை முட்டுக்கொடுத்து, நான்கு சுவரும் இறுகிய பிறகுதான் கூரை. பிள்ளைகள் விரலை நக்குவார்கள் என்பதால் பாஸ்சரைஸ் செய்த வெள்ளைக்கருவைத்தான் வாங்குகிறேன். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது, வேகவைத்ததும்கூட வேண்டாம். மூன்று வயதுக்காரனுக்கு முழுக் கொட்டையும் கடினமான மிட்டாயும் கொடுப்பதில்லை.

காலையில் எழுந்ததும் வீடு தயாராக நிற்கும். மகள் சீவிய பாதாமைக் கூரை ஓடாக ஒட்டினாள். கீழ் வரிசையில் ஆரம்பித்து, மேல் வரிசை அதன் மீது ஏறி உட்காருகிற மாதிரி. அதை யாரும் சொல்லித் தரவில்லை. சின்னவன் இருந்த சிவப்பு மிட்டாய் அத்தனையையும் ஒரே மூலையில் அப்பி, "இங்கதான் அவங்க சமைப்பாங்க" என்றான். அதைப் பிரித்து ஒழுங்காக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவு பிடித்திருந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் உடைத்துச் சாப்பிடுவோம். ஐசிங் படாத சுவர்த் துண்டுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் புளிப்பில் ஊறவைத்துச் செய்யும் மாட்டிறைச்சிக் குழம்பைக் கெட்டியாக்க லெப்கூகனைத்தான் நொறுக்கிப் போடுகிறார்கள், அருமையாக இருக்கும்.

முட்டை சேர்க்காதவர்கள் யாராவது இதைச் செய்திருந்தால், சுவர் ஒட்ட என்ன கலந்தீர்கள், கூரை நின்றதா என்று எழுதுங்கள். சைவத் தோழி ஒருத்தி கேட்டிருக்கிறாள்.