மருந்து அடித்த பிறகும் குலைநோய்ப் புள்ளி வருகிறதே, பூஞ்சை எந்த வழியாக இலைக்குள் போகிறது?

மன்னார்குடி_சம்பா:
வணக்கம். மன்னார்குடி பக்கம் ஆறு மா சம்பா, ரகம் பிபிடி 5204. தூர் கட்டிக் கரும்பச்சையாக நின்ற பயிர், மழை விட்டுப் பனி இறங்க ஆரம்பித்ததும் இலையில் கண் வடிவத்தில் புள்ளி விழுந்துவிட்டது. இரண்டு முனையும் கூராக, நடுவில் சாம்பல் நிறம், ஓரம் பழுப்பு. குலைநோய் என்று சொல்லிக் கடையில் டிரைசைக்ளசோல் கொடுத்தார்கள், அன்றைக்கே அடித்தேன். நாலு நாளில் மறுபடியும் புதுப் புள்ளிகள். இலையில் காயம் எதுவும் இல்லை, பூச்சி கடித்த தடமும் இல்லை. அப்புறம் எப்படி உள்ளே போகிறது? மருந்து போலியா?

வெண்ணாற்றங்கரை:
தம்பி, மருந்தைச் சந்தேகப்படும் முன் நாள் கணக்கைப் பாருங்கள். இன்று கண்ணில் படும் புள்ளி நாலைந்து நாளுக்கு முன்பே உள்ளே போன பூஞ்சை. நீங்கள் அடித்தபோது அது ஏற்கெனவே இலைக்குள் இருந்திருக்கிறது.

இதற்குக் காயம் தேவையில்லை, இலைத்துளையும் தேவையில்லை. பூஞ்சை பரவுவது கண்ணுக்குத் தெரியாத வித்துத் துகளால், அது பேரிக்காய் வடிவத்தில், மூன்று அறையோடு இருக்கும். காற்றில் வந்து ஈர இலையில் விழுந்ததும் நுனியில் இருக்கும் பசையால் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முளைக்குழல் நீட்டும். கீழே இருப்பது கடினமான, மெழுகுப் பூச்சுள்ள பரப்பு என்று உணர்ந்ததும் அந்தக் குழலின் நுனி உருண்டு சின்ன குவிமாடம் போல ஆகிவிடும். அதன் சுவரில் மெலனின் என்ற கருநிறப் பூச்சு படியும், உள்ளே கிளிசரால் சேரும், வெளியில் இருக்கும் பனி நீரை இழுத்து உப்பும். அந்த அழுத்தம் கார் டயரில் இருப்பதைப் போல 40 மடங்கு வரை போகிறது. அத்தனை அழுத்தமும் அடியில் ஒரு மெல்லிய ஊசியாக இறங்கி இலைத் தோலைத் துளைத்துவிடும். ஆய்வகத்தில் பிளாஸ்டிக் தகட்டையே துளைத்திருக்கிறது. உள்ளே போன பிறகு முதலில் செல்லைக் கொல்லாமல் சத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துச் செல்லுக்கு நகரும், அதனால்தான் அந்த நாட்களில் வெளியே ஒன்றும் தெரியாது.

டிரைசைக்ளசோல் அந்த மெலனின் உருவாவதைத் தடுக்கிற மருந்து. கருப்புப் பூச்சு இல்லையென்றால் அழுத்தம் நிற்காது, ஊசி இறங்காது. ஆக, வாசலில் நிற்பவனைத்தான் அது தடுக்கும். 10 லிட்டர் தண்ணீருக்கு 6 கிராம், இலை முழுக்க நனைய அடித்திருந்தால் மருந்து அதன் வேலையைச் செய்திருக்கிறது. ஒரு வாரம் கழித்து மேலே வரும் இளம் இலைகளைப் பாருங்கள், அதில் புள்ளி இல்லையென்றால் போதும். பழைய புள்ளி ஆறாது.

திருவையாறு_வாழை:
எல்லாப் பூஞ்சையும் இப்படி மேலிருந்து துளைப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். எங்கள் ரஸ்தாளியில் வரும் வாடல் நோய் மண்ணில் பல வருடம் படுத்திருந்து வேர் வழியாக ஏறும், தண்ணீர் போகும் குழாய்களை அடைத்துவிடும். தண்டைக் குறுக்கே வெட்டினால் செம்பழுப்பு நிறம் ஓடியிருப்பது தெரியும். அதற்கு இலையில் எதை அடித்தும் பயனில்லை, நோயில்லாத தோப்பில் கன்று எடுப்பதுதான் வழி. நெல்லிலேயே இலையுறைக் கருகல் வேறு மாதிரி, அந்தப் பூஞ்சையின் கடுகு போன்ற உருண்டைகள் வயல் தண்ணீரில் மிதந்து வந்து தூரில் ஒட்டும். எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் மருந்து வாங்காதீர்கள், காசு வீண்.

கடைமடை_விவசாயி:
கரும்பச்சை என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. தழைச்சத்து கூடினால் இலை மெத்தென்று ஆகும், பூஞ்சைக்குத் தீனியும் கூடும். அடுத்த மேலுரத்தில் யூரியாவை நிறுத்தி வையுங்கள், இலை வண்ண அட்டை வைத்துப் பார்த்துப் பிறகு போடலாம். நெல் இலைத் தோலில் மணிச்சத்து, சாம்பல் சத்து எல்லாவற்றையும் விட இந்த நோய்க்கு எதிராக நிற்பது சிலிக்கா. உமிச்சாம்பல் கிடைத்தால் அடுத்த நடவுக்கு அடியுரமாகப் போடுங்கள். பிபிடி குலைநோய்க்குச் சீக்கிரம் ஆளாகும் ரகம், அதைப் போட்டால் மார்கழியில் தினம் வயலுக்குள் இறங்கிப் பார்த்தே ஆக வேண்டும்.

மன்னார்குடி_சம்பா:
ரொம்ப நன்றி அண்ணே. இளம் இலை இதுவரை சுத்தமாக இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் தொண்டைக்கதிர், கதிர் உறைக்குள் திரளும் பருவம். மறுபடி அடிக்க வேண்டுமா? இதிலேயே விதை எடுக்கலாமா?

வெண்ணாற்றங்கரை:
கதிர் வெளிவரும் சமயத்தில் இரவெல்லாம் பனியும் காலையில் மூடுபனியும் இருந்தால் ஒரு தடவை அடியுங்கள், ஏனென்றால் கழுத்துக் கணுவில் இறங்கிவிட்டால் பால் ஏறாமல் கதிரே பதராகிவிடும், இலையில் வந்த சேதம் அதற்கு முன் ஒன்றுமே இல்லை. வானம் வெளுத்து இலை சீக்கிரம் காய்ந்தால் தேவையில்லை. விதைக்கு இந்த வயல் வேண்டாம், பூஞ்சை விதையோடும் வரும். வேறு இடத்தில் வாங்கி, கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடி கலந்து விதையுங்கள்.