கொழும்புச் சூட்டில் கிறிஸ்மஸ் கள்ளி பூக்குமா?

மூன்றாம்மாடி, வெள்ளவத்தை

கனநாளா மனசில கிடந்ததை எழுதுறன். கொழும்பில கிறிஸ்மஸ் கள்ளியை வளர்க்கலாம், பூக்க வைக்க ஏலாது.

அஞ்சு வருசத்துக்கு முதல் பண்டாரவளை மாமி தன்ரை சாடியில இருந்து ரெண்டு துண்டு திருகித் தந்தவ. அது இப்ப நாலு சாடியாப் பெருகிப்போச்சு. பச்சைக்குக் குறையில்லை, பூ மட்டும் ஒண்டுகூட இல்லை. போன வருசம் ஒக்டோபரில இருந்து இருட்டுக் கிடைச்சால் மொட்டு வைக்கும் எண்டு, பின்னேரம் ஆறு மணிக்கு மட்டைப்பெட்டியால மூடி, விடிய ஆறு மணிக்குத் திறந்தன். ஆறு கிழமை, ஒருநாளும் தவறேல்லை. தை மாதம் மூண்டு மொட்டு வந்துது, நெல்லளவுகூட வரமுதல் உதிர்ந்துபோச்சு. மாமி வீட்டில அதே செடி, ஒருத்தரும் மூடாமலே, நத்தாருக்குச் சாடி தெரியாமல் பூத்து நிக்குது.

சூடுதான் காரணம். டிசம்பரில மொட்டோடை கொண்டுவந்து இஞ்சை விக்கிறவை, அடுத்த வருசம் இது இஞ்சை பூக்காது எண்டதையும் சொல்லித்தான் விக்கவேணும்.

தெகிவளை செடிக்காரி

தம்பி, ஏலாது எண்டு அடிச்சுச் சொல்லாதேங்கோ. என்ரை வீட்டில மூண்டு வருசமாப் பூக்குது. மலையில பூக்கிற மாதிரி இல்லைத்தான், சாடிக்கு எட்டுப் பத்துப் பூ.

நீங்கள் மூடின நேரத்தைப் பாருங்கோ. கொழும்பு பூமத்திய கோட்டுக்கு ஏழு பாகைதான் வடக்கு. வருசம் முழுக்க இஞ்சை இரவு கிட்டத்தட்டப் பன்னிரண்டு மணித்தியாலம். ஆறில இருந்து ஆறு மட்டும் பெட்டி போட்டால், பெட்டி இல்லாமலே கிடைக்கிற இருட்டைத்தான் திரும்பக் குடுத்திருக்கிறியள்.

இந்தச் செடிக்கு இருட்டும் குளிரும் சேர்ந்த கணக்கு. இரவு வெப்பநிலை 10 – 15 பாகைக்குள்ள இருந்தால் இருட்டு எவ்வளவு எண்டு பார்க்காமலே மொட்டு வைக்கும். மாமி வீட்டில நடக்கிறது கிட்டத்தட்ட அதுதான். 15 – 20 பாகை எண்டால் 13 மணித்தியால இருட்டு வேணும். 21ஐத் தாண்டினால் 15 மணித்தியாலமாவது வேணும், அதுவும் இடையில வெளிச்சம் படாமல். மார்கழி, தையிலயே கொழும்பு இரவு 22, 23 தானே. நான் பின்னேரம் நாலரைக்கு மூடி, காலமை ஏழரைக்குத் திறக்கிறன்.

ஹட்டன் பொண்ணு, கொட்டாஞ்சேனை

அக்கா சொல்ற கணக்கு சரி. ஆனா அந்தக் கணக்குலயே அண்ணன் பக்கத்து நியாயமும் இருக்கு. 21க்கு மேல 15 மணித்தியாலம் கொடுத்தா மொட்டு வரலாம், அவ்வளவுதான். வந்தே தீரும்னு யாரும் சொல்ல முடியாது. சாடிக்கு எட்டுப் பத்துப் பூதான்னு அக்காவே சொல்றாங்க.

எங்க லயத்து வாசல்ல பழைய பால்பேணில வச்சதெல்லாம் தானாப் பூக்கும். அம்மா அதுக்குனு ஒண்ணுமே செய்ய மாட்டாங்க, தேயிலைத் தூள் சக்கையைப் போடுறதோட சரி. இது பிரேசில்ல ரியோ டி ஜெனிரோ பக்கத்துக் கடலோர மலைக்காட்டுச் செடி. மரக்கிளை மேலயும் பாறை இடுக்குலயும் பனிமூட்டத்துல வளருது. அங்க இதுக்கு மே மாசப் பூன்னு பேரு, இரவு நீளமாகி குளிர் வர்ற காலம் அங்க அதுதான். அப்படிப்பட்டதை இந்தப் புழுக்கத்துல ஒரு நாளைக்குப் பதினஞ்சு மணித்தியாலம் பெட்டிக்குள்ள அடைக்கிறது எனக்கு மனசுக்கு ஒப்பல.

நான் துண்டை மட்டும் இங்க வேர் விடவைப்பேன். புரட்டாசியில ஊருக்குப் போறப்ப கொண்டுபோய் விட்டுட்டு, பூ விரிஞ்சதுக்கு அப்புறம்தான் எடுத்து வருவேன். மொட்டோட ரயில்ல இறக்கவே கூடாது. ஒரு வருஷம் இறக்கினேன், கோட்டை ஸ்டேஷனுக்கு வந்தப்போ பாதி மொட்டு பையோட அடியில கிடந்துச்சு.

தெகிவளை செடிக்காரி

தங்கச்சி, மொட்டு வைச்ச பிறகு இடம் மாத்தக்கூடாது எண்டதில நானும் உங்கடை பக்கம். சாடியைத் திருப்பி வைக்கிறதுகூட நல்லதில்லை. ஆனால் மலையில சொந்தம் இல்லாத ஆக்கள் என்ன செய்யிறது? கொழும்பு வீடுகளில, இரவில விரியிற கடுபுல் பூக்கேல்லையா? அதுவும் மரத்தில தொத்தி வளருற காட்டுக் கள்ளிதான். அமெரிக்காக் கண்டங்களுக்கு வெளியில இயற்கையா வளருற ஒரே கள்ளி இனம் ரிப்சாலிஸ் பக்சிஃபெரா, அது எங்கடை இலங்கைக் காட்டிலயும் மரத்தில தொங்குது. இந்தச் சாதிக்கு எங்கடை ஈரக்காத்து பிடிக்கும்.

ஹட்டன் பொண்ணு, கொட்டாஞ்சேனை

கடுபுல் மெக்சிகோ பக்கத்துச் செடி அக்கா, சூடு தாங்கும், இரவு நீளத்தையும் இப்படி எதிர்பார்க்காது. ரெண்டையும் ஒரே தராசுல வைக்க முடியாது. ஈரக்காத்துல வளரும்ங்கிறதை நான் மறுக்கவே இல்ல. கேள்வி பூவைப் பத்தி.

மூன்றாம்மாடி, வெள்ளவத்தை

அக்கா, 15 மணித்தியாலம் எண்டதை நான் இப்பதான் கேள்விப்படுறன். அதை ஏற்கிறன். ஆனால் இப்ப நான் காலமை ஏழுக்கு வேலைக்குப் போனால் இரவு ஏழுக்குத்தான் வாறன். நாலரைக்கு ஆர் மூடுறது? இன்னொண்டு, உதிர்ந்த மொட்டுக்கு என்ன காரணம்? கள்ளி எண்டபடியால் பாதிக்கு மேல மணல் போட்டு, ரெண்டு கிழமைக்கு ஒருக்காத்தான் தண்ணி விடுறன். மழை அடிச்சால் பல்கனியில நனையும்.

தும்புத்தூள், மருதானை

பூ விசயத்தில உங்கள் மூண்டு பேருக்கும் இடையில நான் வரேல்லை. மணல் கதைக்குத்தான் வாறன். மொட்டு விழுந்ததுக்குப் பாதிக் காரணம் அந்த மணலாத்தான் இருக்கும். காய்ஞ்சு கிடந்து, திடீரெண்டு மழையில ஊறி, திரும்பக் காய்ஞ்சால் எந்த மொட்டும் நிக்காது. பேர்தான் கள்ளி, பாலைவனத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. மரக்கிளை இடுக்கில உக்கின இலைக்குள்ள வேர் ஓடுற செடி. மேல் மண் ஒரு விரல் ஆழத்துக்குக் காய்ஞ்சோடனை தண்ணி, சாடிக்கு அடியில தேங்கவே கூடாது. வேர் அழுகிறதும் இதாலதான்.

என்ரை கலவை: தும்புத்தூள் ரெண்டு பங்கு, ஆத்து மணல் ஒரு பங்கு, உடைச்ச சிரட்டைக்கரியும் பொச்சுத் துண்டும் ஒரு பங்கு. தும்புத்தூளில உப்பு இருக்கும், ரெண்டு மூண்டு தரம் தண்ணியில ஊறவைச்சுப் பிழிஞ்சு எடுக்கவேணும். இதைச் செய்யாமல் நட்டுத்தான் கனபேருக்கு நுனி கருகுது. கடல்பக்கத்துப் பல்கனி எண்டால் உப்புக்காத்தும் சேரும்.

துண்டை வெட்டாதேங்கோ, பொருத்தில பிடிச்சுத் திருகினால் சுத்தமாக் கழரும். ரெண்டு மூண்டு இலை நீளம் போதும். நிழலில ரெண்டு நாள் வைச்சுக் காயம் காய்ஞ்ச பிறகு, அடி இலையில பாதி புதையிற அளவுக்கு நடவேணும். இஞ்சை ஈரம் கூட, காயம் காயமுதல் நட்டால் அடி பழுப்பாகிக் குழைஞ்சுபோகும். ஒரு சாடியில நாலஞ்சு துண்டு சேர்த்து நட்டால்தான் சாடி நிறையும். மூண்டு நாலு கிழமையில மெல்ல இழுத்துப் பாருங்கோ, பிடிச்சுக்கொண்டு நிண்டால் வேர் வந்திட்டுது. நுனியில சிவப்பாச் சின்னத் தளிர் கிளம்பினால் இழுக்கவே தேவையில்லை.

ஹட்டன் பொண்ணு, கொட்டாஞ்சேனை

நான் தண்ணி கிளாஸ்லயே வேர் விடவைக்கிறேன் அண்ணே, ஒரு தடவையும் அழுகல.

தும்புத்தூள், மருதானை

தண்ணியில வேர் வரும் தங்கச்சி. ஆனால் அந்த வேர் மெலிசு, மண்ணுக்கு மாத்தேக்கை முறியும், துண்டு ரெண்டு கிழமை வாடிப்போய் நிக்கும். வேர் அழுகல் கனக்க வாற வீட்டுக்கு நான் ஒட்டுக்கட்டத்தான் சொல்லுவன். டிராகன் புரூட் தண்டை மேலால வெட்டி, நடுவில பிளந்து, ரெண்டு பக்கமும் தோல் சீவின கள்ளித் துண்டை உள்ளுக்குச் செருகி, முள்ளால குத்தி வைக்கவேணும். டிராகன் புரூட் வேர் எங்கடை மழையைத் தாங்கும். குடை மாதிரித் தொங்கி வளருற வடிவுக்காகவே செய்யலாம்.

தெகிவளை செடிக்காரி

தம்பி, உங்கடை வேலை நேரத்துக்கு வழி இருக்கு. ஒக்டோபர் கடைசியில கொழும்பில ஆறுக்கு முன்னமே பொழுதுபடும். அதுக்குப் பிறகு சாடியில வெளிச்சம் விழாமல் பார்த்தால், பின்னேரம் மூடவே தேவையில்லை. பல்கனி லைட்டைப் போடாதேங்கோ. மரைன் டிரைவ் பக்கத்துத் தெருலைட் படுமெண்டால் பின்பக்கத்து அறைக்கு இப்பவே மாத்துங்கோ, மொட்டு வைச்ச பிறகு மாத்தினால் கொட்டும். நீங்கள் வந்து ஏழுக்குக் கறுப்புத் துணியால மூடுங்கோ. பெட்டி வேண்டாம், தங்கச்சி சொன்ன புழுக்கம் உண்மைதான், துணிக்குள்ள காத்துப் போகும். காலமை வீட்டில இருக்கிற ஆரேன் ஒன்பது மணிக்கு எடுத்துவிட்டால் 15 மணித்தியாலம் சரி. ஆறு கிழமை, விடாமல். புரட்டாசியோடை யூரியாவையும் நிப்பாட்டுங்கோ, அது இலையைத்தான் தள்ளும்.

ஹட்டன் பொண்ணு, கொட்டாஞ்சேனை

துணின்னா எனக்குக் கொஞ்சம் சமாதானம். ஆனாலும் அண்ணே, நாலு சாடியையும் இங்க வைக்காதீங்க. ஒண்ணு மாமி வீட்டுக்குப் போகட்டும். அங்க பூத்து இங்க பூக்கலைன்னா சூடுதான் காரணம்னு அக்காவும் ஒத்துக்கணும்.

மூன்றாம்மாடி, வெள்ளவத்தை

வீட்டில அம்மா இருக்கிறா. ஒன்பது மணித் தேத்தண்ணி குடிக்கேக்கை துணியை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறன். இந்தச் சனிக்கிழமை மணலை மாத்தி, தும்புத்தூளைக் கழுவி நாலு சாடியையும் புதுசா நடுறன். ரெண்டு சாடிக்குத் துணி, ஒண்டு மூடாமல் அதே அறையில, ஒண்டு ஆவணிக் கடைசியில பண்டாரவளைக்கு.

விக்கிறவை சொல்லித்தான் விக்கவேணும் எண்டதை மட்டும் நான் மாத்தேல்லை. 15 மணித்தியாலம் எண்டு ஆரேன் ஒருத்தர் அண்டைக்குச் சொல்லியிருந்தால் எனக்கு அஞ்சு வருசம் மிஞ்சியிருக்கும்.