லயனெல் 671 டர்பைன்: விளக்கு எரிகிறது, வண்டி நகரவில்லை, புகையும் இல்லை. எந்த வருடத் தயாரிப்பு?

மூன்றாம்தண்டவாளம்
வணக்கம். என்னிடம் இருப்பது லயனெல் பொம்மை ரயில் எஞ்சின், ஓ கேஜ் (தண்டவாள அகல அளவு) 671, பென்சில்வேனியா ரயில்வேயின் எஸ்-2 டர்பைன் மாதிரி, சக்கர அமைப்பு 6-8-6. டிரான்ஸ்பார்மரில் 12 வோல்ட் வைத்தால் முன்விளக்கு எரிகிறது, உள்ளே ‘ர்ர்ர்’ என்று இரைச்சல், சக்கரம் அசையவில்லை. கவிழ்த்து வைத்து கரண்டை விட்டு விட்டுக் கொடுத்தாலும் அப்படியேதான். விற்றவர் 1946 என்றார். கேபினில் 671 மட்டும்தான் இருக்கிறது. புகைக்குப் புது ஹீட்டர் வாங்கிப் போடலாமா?

பழையஇரும்பு
ஹீட்டரை இப்போது வாங்காதீர்கள். 1946 வண்டியில் ஹீட்டரே கிடையாது. புகைபோக்கிக்கு அடியில் தலையில் குழி வைத்த தனி பல்ப் இருக்கும், புகை மாத்திரை அந்தக் குழியில் உருகிப் புகையும். 1947 முதல்தான் சூட்டுக் கம்பியும், குப் குப்பென்று புகை தள்ளும் பிஸ்டனும். ஆனால் பல்பைக் கழற்றிவிட்டு ஹீட்டர் மாட்டும் கிட்டை லயனெலே அப்போது விற்றது. அதனால் ஹீட்டர் இருப்பதை மட்டும் வைத்து 1947 என்று முடிவு கட்ட முடியாது. பல்ப் இருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். சாதாரண முன்விளக்கு பல்ப் அந்த வேலையைச் செய்யாது.

கேபினில் 671க்குப் பின் ஆர்ஆர் எழுத்து இல்லாததும் சாட்சி ஆகாது. கொரியப் போரில் காந்த உலோகம் தட்டுப்பாடானதால், 1952இல் 681இன் (சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்கக் காந்தம் வைத்த அடுத்த மாடல்) உடம்பையே காந்தம் இல்லாமல் 671ஆர்ஆர் என்று விற்றார்கள். அவற்றில் சிலவற்றில் வெறும் 671தான் அச்சாகியிருக்கும். ஓட்டுச் சக்கரங்களுக்கு நடுவே சேஸியைப் பாருங்கள். காந்தம் உட்கார வேண்டிய துளை காலியாக இருந்தால் அது 1952. ஜெம் கிளிப் சக்கரத்தில் கெட்டியாக ஒட்டினால் அது 1950 அல்லது அதற்குப் பிந்தைய சேஸி, மேலே வேறு கேபின் மாட்டியிருக்கிறார்கள்.

சுருள்கம்பி
ஓடாததற்கு வருவோம். இரைச்சல் கேட்கிறதென்றால் இ-யூனிட் (முன்-பின் திசை மாற்றும் சுவிட்ச்) சுருளுக்குக் கரண்ட் போகிறது, பாய்லர் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பூட்டுக் குச்சியும் சரியான பக்கம்தான் இருக்கிறது. கவிழ்த்து வைத்துச் சோதித்ததைக் கணக்கில் எடுக்காதீர்கள். உள்ளேயுள்ள உலக்கை தன் எடையில் கீழே விழுந்தால்தான் டிரம் (தொடர்பை மாற்றும் உருளை) ஒரு படி திரும்பும், தலைகீழாக வைத்தால் விழாது. நிமிர்த்தி வைத்து கரண்டை நான்கு முறை விட்டு விட்டுக் கொடுங்கள். முன், நிறுத்தம், பின், நிறுத்தம் என்று மாறி வர வேண்டும்.

வராவிட்டால் இ-யூனிட்டை ஒதுக்கி மோட்டாரை நேராகச் சோதியுங்கள். இரண்டு பிரஷ் ஒயர், ஒரு ஃபீல்டு (மோட்டாரின் அசையாத சுருள்) ஒயர், மூன்றையும் கழற்றுங்கள். நடுத் தண்டவாள ரோலரிலிருந்து வரும் ஒயரை ஒரு பிரஷ்ஷுக்கும், அடுத்த பிரஷ்ஷை ஃபீல்டு ஒயருக்கும் கொடுங்கள். ஃபீல்டின் மறுமுனை சேஸியில்தான் இருக்கும். 8 முதல் 10 வோல்ட்டில் சுற்றினால் மோட்டார் நலம். சுற்றாவிட்டால் பிரஷ் தட்டைக் கழற்றி கம்யூடேட்டரை (பிரஷ் உரசும் செம்புத் துண்டுகள்) ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள், மூன்று துண்டுகளுக்கு இடையிலுள்ள கரியைப் பல்குத்தும் குச்சியால் எடுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அதன் துகள் செம்பில் பதிந்து பிரஷ்ஷைத் தின்றுவிடும்.

மூன்றாம்தண்டவாளம்
நேராகக் கொடுத்ததும் மோட்டார் சுற்றுகிறது! டிரம் மேல் படும் செம்புத் தகடுகளில் ஒன்று தேய்ந்து நுனி இல்லை. சேஸித் துளை இல்லை, காந்தமும் இல்லை. புகைபோக்கிக்கு அடியில் சூட்டுக் கம்பி, பக்கத்தில் பிஸ்டன்.

சுருள்கம்பி
தகட்டு செட், டிரம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். தகடு டிரம்மை மெதுவாகத் தொட்டால் போதும், அழுத்தினால் உலக்கை பாதியில் நிற்கும். இ-யூனிட்டில் எண்ணெய் ஒரு சொட்டுகூட வேண்டாம், தூசி ஒட்டி உலக்கை சிக்கும். எண்ணெய் ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பகுதி) பேரிங்குக்கு மட்டும், அதுவும் ஒரு சொட்டு. வார்ம் கியரில் மெழுகாகிப்போன பழைய கிரீஸைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வையுங்கள்.

பழையஇரும்பு
அப்படியானால் 1947 முதல் 1949 வரையிலான வண்டி, இல்லையென்றால் கிட் மாட்டிய 1946. புகைக் கம்பியின் இரு முனையிலும் ஓம் மீட்டர் வைத்துப் பாருங்கள். முடிவிலி காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது, அப்போது தாராளமாக ஹீட்டர் வாங்கலாம். பழையதைக் கழற்றும்போது சாலிடரைக் கவனியுங்கள். தொழிற்சாலைச் சாலிடருக்கு மேல் இன்னொன்று வைத்த அடையாளம் இருந்தால் 1946 என்று சொன்னவர் சொல்லில் நியாயம் இருக்கலாம்.